கார்பன் தாளில் ஒரு பத்திரிகை

அரசாங்கத்தோடு முரண்பட்டு எழுத விரும்புகிறவனுக்குப் பேனாவும் காகிதமும் எந்தத் தேசத்திலும் கிடைத்துவிடும். அவன் திண்டாடுவதெல்லாம் அச்சகத்துக்காகத்தான். ஈயத்தில் வார்த்த எழுத்துகளும், பாரமான இயந்திரமும், நடுநிசியில் அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற அதன் சத்தமும், வண்டியில் வந்து இறங்கவேண்டிய காகிதக் கட்டுகளும் எளிதில் ஒளித்து வைக்கக்கூடியவை அல்ல. இந்தக் கஷ்டத்தை நன்றாக அனுபவித்தவர்கள் ரஷ்யப் புரட்சிக்காரர்கள். 1900ஆம் ஆண்டின் கடைசியில் லெனினும் அவருடைய சகாக்களும் ‘இஸ்க்ரா’ என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது, ஜார் சக்கரவர்த்தியின் போலீஸுக்குப் பயந்து அதை ஜெர்மனியிலே அச்சிட்டு, அடிப்பாகம் இரட்டையாக அமைந்த பெட்டிகளில் மறைத்து எல்லை கடத்திக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் 1917இல் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாளே பத்திரிகைகளைப் பற்றி ஒரு கட்டளை பிறப்பித்து எதிர்க்கட்சிகளின் ஏடுகளை மூடத் தொடங்கியதிலும், 1922 ஜூன் மாதத்தில் ‘கிளாவ்லித்’ என்ற தணிக்கை இலாகாவை ஸ்தாபித்ததிலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரகசியப் பத்திரிகை ஓர் ஆட்சியை என்ன செய்யக்கூடும் என்பது அவர்களுக்குச் சொந்த அனுபவம்.

புதிய ஏற்பாட்டில் அச்சகம் அரசாங்கத்தினுடையது, காகிதம் அரசாங்கத்தினுடையது, புத்தகம் விற்கிற கடையும் அரசாங்கத்தினுடையது. நாவலானாலும் விவசாயக் கையேடானாலும் தணிக்கை அதிகாரியின் முத்திரை விழாமல் இயந்திரம் ஏறாது. எதெதை எழுதக்கூடாது என்று அந்த இலாகா வைத்திருந்த பட்டியலோ, எழுதுகிறவன் கண்ணில் காட்டப்படாத ரகசியம். தணிக்கை என்று ஒன்று நடக்கிறது என்பதையே பத்திரிகையில் குறிப்பிட முடியாது என்றால் மற்றவற்றைச் சொல்லவேண்டியதில்லை. பிற்காலத்தில் நகலெடுக்கும் இயந்திரங்கள் வந்தபோது அவற்றையும் பூட்டிய அறைகளில் வைத்துக் காவல் செய்தார்கள். இவ்வளவு கெட்டியான வேலியிலும் ஒரு சந்து இருந்தது. டைப்ரைட்டரைத் தனிமனிதன் கடையிலே காசு கொடுத்து வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகி நாலைந்து பிரதி எடுத்தால், அது பிரசுரமா, வெறும் நகலா என்று யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. அந்தச் சந்தின் வழியாகத்தான் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் ஓர் இலக்கியமே நடமாடிற்று. (ருமேனியாவில் சௌசெஸ்குவின் அரசு 1983இல் கட்டளையிட்டு, டைப்ரைட்டர் வைத்திருப்போர் எல்லாரும் அதைப் போலீஸில் பதிவு செய்து, அதன் எழுத்து மாதிரியையும் ஒப்படைக்கவேண்டும் என்று ஏற்படுத்தியது. சந்து இருக்கும் இடத்தை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.)

டைப்ரைட்டருக்கும் முந்திய ஒரு கட்டம் உண்டு. ஸ்டாலின் காலத்தில் காகிதத்தையே நம்ப முடியாது. கவிஞர் அன்னா அக்மதோவா, தம் மகன் சிறையிலிருந்த நாட்களில் லெனின்கிராட் சிறை வாசலில் மற்றத் தாய்மார்களோடும் மனைவிமார்களோடும் வரிசையில் நின்ற அனுபவத்தை ‘ரெக்வியம்’ என்ற கவிதைத் தொடராக இயற்றினார். சுவருக்கும் காது இருக்கும் என்று அஞ்சிய அவர், வந்திருக்கும் சிநேகிதியிடம் தேநீரைப் பற்றியும் பருவநிலையைப் பற்றியும் உரக்கப் பேசிக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் சில வரிகளை எழுதி நீட்டுவார். சிநேகிதி அதை மனப்பாடம் செய்து திருப்பிக் கொடுத்ததும், சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்திவிடுவார். லிடியா சுகோவ்ஸ்கயா முதலிய சிலருடைய ஞாபகத்திலேயே அந்தக் கவிதை வருஷக்கணக்காக வாசம் செய்தது. 1963இல் மியூனிக் நகரில், ஆசிரியரின் சம்மதம் இல்லாமலே, அது முதலில் அச்சாயிற்று. சொந்த நாட்டில் அச்சேறியது 1987இல். அப்போது அக்மதோவா காலமாகி இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஸ்டாலின் 1953இல் மறைந்து பயம் சற்றே தணிந்த பிறகு, ஞாபகத்தில் இருந்தவை மெல்ல மெல்லக் காகிதத்துக்கு இறங்கி வந்தன. நிகலாய் கிளாஸ்கோவ் என்ற ஒரு கவிஞர், யாரும் அச்சிட முன்வராத தம் கவிதைகளை 1940களிலேயே தாமே தட்டச்சு செய்து தைத்து, பதிப்பகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில், ‘தனக்குத்தானே பதிப்பித்துக்கொண்டது’ என்ற அர்த்தத்தில் ஒரு கேலிப் பெயரைப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கேலியிலிருந்து பிறந்த ‘சமிஸ்தாத்’ என்ற சொல், அரசின் அனுமதியின்றிக் கைமாறும் எழுத்து முழுமைக்கும் பெயராகிவிட்டது.

தமிழ்நாட்டில் தெருமுனை டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் என்று பரீட்சைக்குத் தயாரானவர்களுக்கு இந்த வேலையின் சிரமத்தை அதிகம் விளக்கவேண்டாம். நாலைந்து தாள்களையும் அவற்றுக்கிடையே கார்பனையும் ஒன்றாகச் சேர்த்து உருளையில் ஏற்றினால் ஒவ்வோர் எழுத்தையும் ஓங்கி அடிக்கவேண்டும், விரல்நுனி கன்றிப்போகும். சாதாரணத் தாளில் அடித்தால் நான்காம் பிரதியே மங்கிவிடுமாதலால், சருகு போல் மெல்லிய தாளைத் தேடிப் பிடித்து, இன்னும் ஓரிரண்டு பிரதி கூடுதலாக எடுப்பார்கள். காகிதத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஓரம் விடாமல், வரிக்கு வரி இடைவெளியும் விடாமல், விளிம்பு முதல் விளிம்பு வரை அடிப்பார்கள். நடுவிலே ஒரு பிழை நேர்ந்துவிட்டால் ஐந்து தாளிலும் திருத்தவேண்டும். பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்ட மாஸ்கோவின் பொதுக் குடியிருப்புகளில், இரவெல்லாம் டைப் அடிக்கும் சத்தம் பக்கத்து அறைக்காரருக்குச் சந்தேகம் எழுப்பும் என்பதால், இயந்திரத்தின் கீழே கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தயாரான ‘எரிகா’ என்ற டைப்ரைட்டர் இந்த உலகத்தில் பெரும் பிரசித்தி பெற்றது. பாடலாசிரியர் அலெக்ஸாந்தர் காலிச் அதைப் பற்றிப் பாட்டே கட்டினார். அந்தப் பாட்டும் டேப் ரிக்கார்டரில் பதிவாகி, நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலாகிப் பரவியதுதான்.

அச்சான புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய பேதம், இங்கே வாசகன் வெறும் வாசகனாக இருந்துவிட முடியாது என்பதே. கைக்கு வந்த பிரதி ஓர் இரவுக்கு அல்லது இரண்டு இரவுக்கு மாத்திரம் சொந்தம். அதற்குள் படித்து முடிக்கவேண்டும். இயன்றால் தானும் ஐந்து பிரதி எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு நான்கை அனுப்பவேண்டும். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முதலாமவர் படித்து முடித்த தாளை இரண்டாமவர் வாங்க, அவர் கையிலிருந்து மூன்றாமவர் வாங்க, விடியும்வரை நாவல் படித்த குடும்பங்கள் அநேகம். டைப் எழுத்தில் இல்லாத எதையும் தன் பேத்தி படிக்க மறுக்கிறாள் என்று, டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ முழுவதையும் ஒரு பாட்டி உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாளாம்; அந்தக் காலத்து மாஸ்கோவில் எல்லாரும் சொல்லிச் சிரித்த கதை இது. ஏட்டுச் சுவடிகளின் சரித்திரம் தெரிந்த நமக்கு இதன் மறுபக்கமும் உடனே புலப்படும். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கைப்பிழையால் பாடபேதங்கள் பெருகியதைப் போலவே, சமிஸ்தாத்திலும் ஒரே கவிதை லெனின்கிராடில் ஒரு விதமாகவும் கீவில் வேறு விதமாகவும் வழங்கிற்று. ஆனால் இரண்டுக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு: ஏடெழுதியவரை அதற்காக யாரும் சிறைக்கு அனுப்பவில்லை.

அந்த டைப் அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுதியவர்களின் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. அடித்தவர்களின் பெயர், அவர்கள் அகப்பட்டுக்கொண்டால்தான் வெளியே தெரிந்தது. சோல்ஜெனித்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ என்ற மகா கிரந்தத்தைத் தட்டச்சு செய்தவர்களில் ஒருவரான எலிசவேத்தா வரன்யான்ஸ்கயா, 1973 ஆகஸ்டில் லெனின்கிராடில் கே.ஜி.பி. நாள்கணக்கில் நடத்திய விசாரணைக்குப் பிறகு, மறைத்து வைத்திருந்த பிரதியின் இடத்தைச் சொல்லிவிட்டு, சில நாட்களில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். கையெழுத்துப் பிரதி போலீஸிடம் சிக்கிவிட்டது என்று தெரிந்த பிறகே, வெளிநாட்டில் காத்திருந்த மற்றொரு பிரதியை அச்சிடுமாறு சோல்ஜெனித்சின் சொல்லியனுப்பினார். அவ்வருஷக் கடைசியில் பாரிஸில் நூல் வெளிவந்தது. 1974 பிப்ரவரியில் ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். அந்த நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அம்மையாரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரம்பத்தில் இவ்வளவும் இலக்கிய விவகாரமாகவே இருந்தது. அலெக்ஸாந்தர் கின்ஸ்பர்க் என்ற இளைஞர் 1959-60இல் ‘சின்தாக்ஸிஸ்’ என்ற பெயரில் கவிதை இதழ் நடத்தினார். மூன்று இதழ்கள் வந்ததும் சிறை சென்றார். இதை அரசியலாக்கியவர்கள், உண்மையைச் சொன்னால், அரசாங்கத்தாரே. சின்யாவ்ஸ்கி, டேனியல் என்ற இரண்டு எழுத்தாளர்கள், புனைபெயரில் தங்கள் கதைகளை வெளிநாட்டில் அச்சிட்டார்கள் என்பதற்காக 1966 பிப்ரவரியில் முறையே ஏழு ஆண்டும் ஐந்து ஆண்டும் தண்டனை பெற்றார்கள். அந்த வழக்கின் தஸ்தாவேஜுகளைத் தொகுத்து ‘வெள்ளை நூல்’ ஒன்றைக் கின்ஸ்பர்க் டைப்பில் வெளியிட, 1968 ஜனவரியில் அவர்மீதும் நண்பர்கள் மூவர்மீதும் வழக்கு நடந்தது. கின்ஸ்பர்குக்கு ஐந்து ஆண்டு, யூரி கலன்ஸ்கோவுக்கு ஏழு ஆண்டு; கூட நின்ற வேரா லாஷ்கோவா டைப் அடித்துக்கொடுத்தவர், அவருக்கும் ஓராண்டு. கலன்ஸ்கோவ் 1972இல் முகாமிலேயே இறந்துபோனார். ஒரு வழக்கைப் பற்றி எழுதியதற்கு ஒரு வழக்கு, அந்த வழக்கைக் கண்டித்துக் கையெழுத்திட்டவர்களுக்கு உத்தியோக நீக்கம், அதைக் கேட்டவர்கள் வீட்டில் சோதனை என்று சங்கிலி நீண்டுகொண்டே போனபோது, இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து வரிசையாகக் குறித்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் மாஸ்கோவில் சிலருக்கு உண்டாயிற்று.

குறித்து வைத்தவர் நத்தாலியா கர்பனேவ்ஸ்கயா என்ற கவிஞர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டை எட்டவில்லை, நிறைமாதக் கர்ப்பிணி. ஐக்கிய நாடுகள் சபை 1968ஐ மனித உரிமை ஆண்டாகக் கொண்டாடியதல்லவா? அந்த வருஷத்து ஏப்ரல் 30ஆம் தேதியிட்டு, ‘சோவியத் யூனியனில் மனித உரிமை ஆண்டு’ என்ற மகுடத்துடனும், கருத்துச் சுதந்திரத்தைக் கூறும் மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் ஷரத்தை முகப்பில் தாங்கியும், ‘நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு’ என்ற பத்திரிகையின் முதல் இதழ் அவருடைய டைப்ரைட்டரிலிருந்து வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, விலையும் இல்லை.

புரட்சிப் பத்திரிகை என்றால் நெருப்பு கக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர் இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவார். அறைகூவல் இல்லை, வசை இல்லை, கண்ணீர் இல்லை. இன்ன தேதியில் இன்ன நகரத்தில் இன்னார் வீட்டில் சோதனை நடந்தது, எடுத்துச் சென்ற பொருள்கள் இவை, வந்த அதிகாரிகளின் பெயர்கள் இவை, குற்றவியல் சட்டத்தில் சாட்டிய பிரிவு இது, நீதிபதி இன்னார், தண்டனை இவ்வளவு. இடையிடையே சமிஸ்தாத்தில் புதிதாகப் புழங்கும் நூல்களைப் பற்றிய சிறு குறிப்புகள். 1944இல் கூண்டோடு நாடு கடத்தப்பட்ட கிரிமியத் தாத்தாரியர்களின் செய்தி ஒரு பக்கம், லித்துவேனியக் கத்தோலிக்கரின் செய்தி ஒரு பக்கம், பைபிள் வைத்திருந்ததற்காக அல்லற்பட்ட பாப்டிஸ்டுகளின் செய்தி ஒரு பக்கம் என்று, ஒருவரையொருவர் அறியாத ஜனங்களின் கஷ்டங்கள் அதில்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து அமர்ந்தன. இந்த வறட்டு நடை தற்செயலாக அமைந்ததல்ல. சோவியத் அரசை இழிவுபடுத்தும் பொய்யான கற்பனைகளைத் தெரிந்தே பரப்புவது குற்றம் என்று 1966இல் ஒரு புதிய பிரிவைச் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அச்சுரிமையோ அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் பொய் இல்லாத ஒரு பத்திரிகை சட்ட விரோதமாக இருக்க முடியாது என்பது குறிப்பேட்டுக்காரர்களின் வாதம். ஆகையால், முந்திய இதழில் ஒரு பெயரோ தேதியோ தவறிவிட்டால் அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள். கட்சி ஏடான ‘பிரவ்தா’ திருத்தம் போடாத நாட்டில், தலைமறைவாக டைப் அடித்த பத்திரிகை திருத்தம் போட்டது. அதன் மதிப்பு அதனாலேயே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

விலாசமில்லாத பத்திரிகைக்கு நிருபர்கள் செய்தி அனுப்புவது எப்படி? ஐந்தாம் இதழில் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். உமக்குத் தெரிந்த செய்தியை, உமக்குக் குறிப்பேட்டைக் கொடுத்தவரிடம் சொல்லும். அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். இப்படியே ஏறி ஏறி வந்துசேரும். ஆனால் சங்கிலி முழுவதையும் நீரே ஒருவராய் ஆராய்ந்து நுனியைக் கண்டுபிடிக்க முயலவேண்டாம், உம்மை உளவாளி என்று நினைத்துவிடுவார்கள். இதழ் இறங்கி வந்த படிகளிலேயே செய்தி ஏறிப் போயிற்று. எந்தப் படியில் நிற்பவருக்கும் மேலே ஒருவரையும் கீழே சிலரையும் தவிர வேறு யாரையும் தெரியாது. இதைவிடப் பத்திரமான தபால் இலாகாவை அந்நாளில் யாரும் ஏற்படுத்தியிருக்க முடியாது. மொர்தோவியாவிலும் பெர்மிலும் இருந்த முகாம்களிலிருந்து செய்தி வந்த விதமோ இன்னும் விசித்திரமானது. கைதிகள் மிக மெல்லிய தாளில், பூதக்கண்ணாடி கொண்டு படிக்கவேண்டிய பொடி எழுத்தில், பட்டினிப் போராட்டத்தையும் தனிக்கொட்டடித் தண்டனையையும் தேதிவாரியாக எழுதி, இறுகச் சுருட்டிப் பிளாஸ்டிக்கில் பொதிந்து வைப்பார்கள். விடுதலையாகிறவரோ பார்க்க வந்த உறவினரோ அதை விழுங்கி வெளியே கொண்டுவருவதும் உண்டு.

கர்பனேவ்ஸ்கயாவின் கதையை முடித்துவிடுவோம். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்த நான்காம் நாள், 1968 ஆகஸ்ட் 25ஆம் தேதி நண்பகலில், எட்டுப் பேர் செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்து ஆட்சேபப் பதாகைகளை விரித்தார்கள். சில நிமிஷங்களுக்குள் அவர்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். எண்மரில் ஒருவர் கர்பனேவ்ஸ்கயா. மூன்று மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். செக் கொடி அந்த வண்டியில்தான் இருந்தது. கைக்குழந்தைக்காரி என்று அப்போதைக்கு விட்டுவைத்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, அந்த வழக்கின் நடவடிக்கைகளைத் தொகுத்து ‘நண்பகல்’ என்று ஒரு நூலாக்கினார், குறிப்பேட்டையும் தொடர்ந்தார். 1969 டிசம்பர் 24இல் கைதானார். மருத்துவர்கள் அவருக்கு ‘மந்தமாக வளரும் ஸ்கிசோஃபிரினியா’ என்று பெயரிட்டார்கள். வெளியே எந்த அறிகுறியும் தெரியவேண்டாத அந்த வியாதி எதிர்ப்பாளர்கள்மேல் சுமத்துவதற்கு மிகவும் தோதாக அமைந்துவிட்ட வியாதி. கசான் நகரத்துச் சிறை மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 1972 தொடக்கத்தில் விடுதலையான அவர், 1975இல் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸில் குடியேறினார்.

அவர் கைதானதும் பத்திரிகை நின்றுவிடும் என்று போலீஸார் நினைத்தார்கள். அனத்தோலி யாகப்சன் முதலியவர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். பிறகு கே.ஜி.பி. வேறொரு யுக்தியைக் கையாண்டது. 1972இல் பியோத்தர் யாகிர், விக்தர் கிராஸின் என்ற இரு முக்கியஸ்தர்களைப் பிடித்து, அவர்கள் மனம் உடைந்து தவறை ஒப்புக்கொள்ளும்படி செய்து, அதைப் பகிரங்கமாகக் காட்டினார்கள்; இனி ஓர் இதழ் வந்தால் அதற்கு ஈடாக யாராவது உள்ளே போவார்கள், அவர் அந்த இதழில் சம்பந்தப்பட்டவராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை என்று சொல்லியும் அனுப்பினார்கள். மிரட்டல் தன்னைப் பற்றியதாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அயலாரைப் பிணையாக வைத்த இந்த மிரட்டலுக்கு ஆசிரியர் குழு பணிந்தது. இருபத்தேழாம் இதழோடு குறிப்பேடு நின்றது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றரை வருஷ மௌனத்துக்குப் பின்னர், 1974 மே 7ஆம் தேதி, தத்யானா வெலிகானவா என்ற கணித நிபுணர், செர்கெய் கோவல்யோவ் என்ற உயிரியலாளர், தத்யானா ஹதரோவிச் என்ற மொழியியலாளர் ஆகிய மூவரும் வெளிநாட்டு நிருபர்களை வரவழைத்து, 28, 29, 30ஆம் இதழ்களை ஒருசேரக் கொடுத்தார்கள். கூடவே, இதைப் பரப்புவதைத் தங்கள் கடமையாகக் கருதுவதாகக் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றையும் கொடுத்தார்கள். எவனாவது உள்ளே போவான் என்ற மிரட்டலுக்கு இதுவே பதில்: யாரை உள்ளே தள்ளுவது என்று தேட வேண்டாம், இதோ நாங்கள் இருக்கிறோம் என்பது. கோவல்யோவ் அவ்வாண்டு டிசம்பரிலேயே கைதானார். வெலிகானவா 1979 நவம்பரில்.

கோவல்யோவின் வழக்கை மாஸ்கோவில் நடத்தாமல் லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில் 1975 டிசம்பரில் நடத்தினார்கள். அதற்கு ஒரு முகாந்திரம் இருந்தது. அங்கே 1972 முதல் ‘லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் குறிப்பேடு’ என்று மற்றொரு ரகசியப் பத்திரிகை நடந்து வந்தது; அதன் பதினோராம் இதழை டைப் அடித்துக்கொண்டிருந்தபோதே 1974இல் பிடிபட்டவர் நியோலே சதூனைதே என்ற பெண்மணி. அந்தச் செய்திகளைக் கோவல்யோவ் மாஸ்கோவுக்குக் கொண்டுசேர்த்தார் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. வழக்கு நடந்த அதே நாட்களில் அவருடைய நண்பர் ஆந்திரேய் சகாரவுக்கு ஆஸ்லோ நகரில் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. அரசு அவரை வெளிநாடு செல்ல அனுமதிக்கவில்லை. அவர் சார்பில் மனைவி எலேனா போனர் பரிசைப் பெற்றுக்கொண்டிருந்தபோது, சகாரவ் வில்னியஸ் நீதிமன்றத்துக்கு வெளியே, உள்ளே விடமாட்டோம் என்ற காவலர்களின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோவல்யோவுக்கு ஏழு ஆண்டு முகாமும் மூன்று ஆண்டு உள்நாட்டு நாடுகடத்தலும் கிடைத்தன.

ஐந்தாறு கார்பன் பிரதிகளில் தொடங்கும் பத்திரிகை அவ்வளவு பெரிய அரசாங்கத்தை ஏன் சங்கடப்படுத்தவேண்டும் என்று கேட்கலாம். பிரதிகளில் ஒன்று எப்படியோ மேல்நாட்டுக்குப் போய்விடும். 1971 முதல் லண்டனில் அம்னஸ்டி ஸ்தாபனத்தார் அதை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார்கள். மியூனிக்கிலிருந்து பேசிய லிபர்ட்டி ரேடியோவும், பி.பி.சி.யின் ரஷ்ய ஒலிபரப்பும் அதே செய்திகளை அதே மொழியில் திரும்ப ரஷ்யாவுக்குள்ளேயே அனுப்பின. அலைவரிசையைக் குலைக்க அரசாங்கம் நாடெங்கும் இரைச்சல் நிலையங்களை வைத்திருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு, மாஸ்கோவில் ஒரு சமையலறையில் டைப் அடித்த சமாசாரத்தைச் சைபீரியாவில் இருந்தவர் கேட்டார்.

இதே ஆண்டுகளில் மாஸ்கோவிலிருந்து நமக்கும் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. முன்னேற்றப் பதிப்பகத்தார் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் விற்ற அந்தத் தமிழ் நூல்களின் கெட்டிக் கட்டமைப்பையும், வழவழப்பான காகிதத்தையும், கையிலிருக்கும் சில்லறைக்குக் கிடைத்த மலிவையும் இன்றைக்கும் நன்றியோடு சொல்லிக்கொள்கிறவர்கள் நம்மில் ஏராளம்; டால்ஸ்டாயையும் கார்க்கியையும் தமிழனின் வீட்டுக்குள் கொண்டுவந்தவை அவை. அந்த நன்றியை யாரும் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆயினும் மதுரைக்காரர் டால்ஸ்டாயை நல்ல அச்சில் வாங்கிய அதே காலத்தில், மாஸ்கோக்காரர் தம் நாட்டுப் பாஸ்தர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’வை மங்கிய கார்பன் பிரதியில் ஓரிரவுக்குக் கடன் வாங்கிப் படித்தார் என்பதும் சரித்திரம்தான்.

சமிஸ்தாத்தில் வந்ததெல்லாம் உத்தமமானது என்று சொல்லிவிடவும் முடியாது. தணிக்கை இல்லாத சந்தில் யாரும் நுழையலாம். யூத துவேஷம் பேசிய பிரசுரங்களும், பழைய சக்கரவர்த்திகளின் மகிமையைப் பாடிய பிரசுரங்களும் அதே கார்பனில்தான் வந்தன. படித்தவர்களும் பெரும்பாலும் நகரத்து விஞ்ஞானிகள், ஆசிரியர்கள், மாணவர்கள். கூட்டுப்பண்ணை விவசாயியின் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. இந்த விஷயத்தில் போலந்து வெகு தூரம் முன்னே சென்றுவிட்டது. 1976இல் தொழிலாளர் கலகம் ஒடுக்கப்பட்ட பின், அங்கே எதிர்ப்பாளர்கள் டைப்ரைட்டரோடு திருப்திப்படாமல், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தையும் பட்டுத்திரை அச்சையும் அபார்ட்மெண்டுகளுக்குள் கொண்டுவந்து, 1977இல் ‘நோவா’ என்ற ரகசியப் பதிப்பகத்தையே நடத்தத் தொடங்கினார்கள். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தபின் வார்சாவில் பெரும்பாலும் பெண்களே ஆசிரியர்களாக இருந்து நடத்திய ‘திகோத்னிக் மசோவ்ஷே’ என்ற வாரப் பத்திரிகை, பல்லாயிரம் பிரதிகளாக, 1989 வரை 290 இதழ்கள் வெளிவந்தது. ஒரு தேசமே தொழிற்சங்கமாகத் திரண்டு நின்ற இடத்தில் அது சாத்தியமாயிற்று; மாஸ்கோவில் அந்தப் பின்பலம் இல்லை.

மாஸ்கோக் குறிப்பேடு 60க்கும் மேற்பட்ட இதழ்களோடு, அதன் ஆசிரியர்களில் ஒருவரான யூரி ஷிகனோவிச் 1983 நவம்பரில் கைதானதும் நின்றுபோயிற்று. அதன் பதினைந்தாண்டுப் பக்கங்களில் பதிவான அரசியல் வழக்குகள் 424; தண்டிக்கப்பட்டவர்கள் 753 பேர்; விடுதலை செய்யப்பட்டவர் ஒருவருமில்லை. பின்னர் கார்பச்சோவ் வந்தார். 1988இல் ‘டாக்டர் ஷிவாகோ’வும் மறுவருஷம் ‘குலாக் தீவுக்கூட்ட’த்தின் பகுதிகளும் ‘நோவி மிர்’ பத்திரிகையில் அச்சாயின. 1990 ஜூனில் நிறைவேறிய பத்திரிகைச் சட்டம் தணிக்கையை ஒழித்து, தனிமனிதனும் பத்திரிகை நடத்தலாம் என்று வகுத்தது. வில்னியஸில் தண்டனை பெற்ற கோவல்யோவ் புதிய ரஷ்யாவின் முதல் மனித உரிமை ஆணையராக 1994இல் அமர்ந்தார். செச்னியப் போரைக் கண்டித்துப் பேசியதால் மறுவருஷமே நீக்கப்பட்டார்.

குறிப்பேட்டின் இதழ்களையும், பழைய கைதிகளின் காகிதங்களையும் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தது ‘மெமோரியல்’ என்ற சங்கம். சகாரவ் அதன் முதல் தலைவர், கோவல்யோவ் பிற்காலத் தலைவர்களில் ஒருவர். கோவல்யோவ் 2021 ஆகஸ்டில் காலமானார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் தேதி, அந்தச் சங்கத்தைக் கலைத்துவிடும்படி ரஷ்ய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தார் தங்கள் வெளியீடுகளின் மேல், தாங்கள் ‘அந்நிய ஏஜெண்டுகள்’ என்ற வாசகத்தைச் சட்டப்படி பொறிக்கத் தவறினார்கள் என்பது குற்றச்சாட்டு.